கம்க்ளோஸ்காரரும் நாலு விரல் இடைவெளியும்

கிடங்குக்குள் நுழைகிற லாரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, அதை ஓட்டி வருகிறவன் எப்பேர்ப்பட்ட கில்லாடியாக இருந்தாலும் சரி, மேடைக்கு முதுகைக் காட்டித் திருப்பிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவன் குழந்தைதான். பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர் அந்தக் கிடங்கில் ஒரே ஒருவர். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டிரைவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வாயில் காவலாளிக்கும் அவர் கம்க்ளோஸ்.

ஒன்பது மேடைகள். ஒவ்வொன்றும் இடுப்பு உயரச் சிமெண்ட் திட்டு. லாரியின் பின்கதவு அந்தத் திட்டுக்கு நாலு விரல் இடைவெளியில் வந்து நிற்க வேண்டும். இடைவெளி கூடினால் தள்ளுவண்டியின் சக்கரம் சந்தில் விழுந்து சரக்கோடு கவிழும். குறைந்தால் திட்டின் விளிம்பு பெயரும், லாரியின் பின்விளக்கு உடையும். அந்த நாலு விரலைப் பிடிப்பதுதான் அவர் வேலை. ஒவ்வொரு லாரியும் நின்றதும் வலது கையின் நாலு விரல்களைச் சேர்த்து அந்தச் சந்தில் செருகுவார். விரல்கள் இறுக்கமாகப் போனால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் டிரைவர்கள் எஞ்சினை அணைப்பார்கள்.

இதற்கு அவர் வைத்திருந்த மொத்த ஆங்கிலம் இரண்டே வார்த்தை. கம், க்ளோஸ். அதை அவர் பள்ளியில் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டார்கள். பத்தொன்பது வயதில் மூட்டை தூக்க வந்தபோது, எடை இயந்திரம் பொருத்துவதற்காக ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் கிடங்குக்கு வந்திருந்தார். ஒருநாள் பெரிய லாரி ஒன்று அந்த இயந்திரத்தை ஏற்றி வந்தது. டிரைவருக்கு இன்ஜினியரின் பேச்சு புரியாது, இன்ஜினியருக்கு டிரைவரின் பேச்சு புரியாது. இன்ஜினியரே லாரிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் தன் நெஞ்சை நோக்கி அசைத்து, "கம் க்ளோஸ், கம் க்ளோஸ்" என்றார். பத்துச் சக்கர லாரி பசுங்கன்று மாதிரி அவரை நோக்கி நடந்து வந்தது. தலையில் மூட்டையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய லாரி வருமா! இன்ஜினியர் ஊர் திரும்பிய மறுநாளே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் இவர் போய் நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடமாக நகரச் சொல்லவும் இல்லை.

வெறும் இரண்டு வார்த்தை என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இரண்டை வைத்து அவர் ஒரு அளவுகோலே செய்து வைத்திருந்தார். "கம்ம்ம்... க்ளோஸ்" என்று இழுத்துச் சொன்னால் இன்னும் ஒரு ஆள் படுக்கிற நீளம் இருக்கிறது, தைரியமாக வரலாம். "கம் க்ளோஸ், கம் க்ளோஸ்" என்று அடுக்கினால் ஒரு கை நீளம். "கம், கம், கம்" என்று குருவி கொத்துவதுபோல் சொன்னால் ஒரு முழம். கடைசியில் "க்ளோஸ்" மட்டும் தனியாக, ரகசியம் சொல்வதுபோல் வரும். அப்போது ஒரு சாண். அப்புறம் லாரியின் உடம்பில் பளாரென்று ஒரு அறை. அவ்வளவுதான், நாலு விரல். எந்த ஊர் டிரைவராக இருந்தாலும், எந்தப் பாஷைக்காரனாக இருந்தாலும் இரண்டாம் தடவை வரும்போது இதைப் படித்துவிடுவான். கண்ணாடியைக்கூடப் பார்க்க மாட்டான். காதைத் தீட்டிக்கொண்டு வருவான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அவருக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது.

சைக்கிள் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங்கைத் துடைத்திருக்கிறாரே தவிரத் திருப்பியதில்லை. ஆனால் இது யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அவர் வாய்தான். அவருக்கு முப்பது வயதானபோது ஒரு டிரைவர் அவரிடம், "அண்ணே, இவ்வளவு நுணுக்கமா சொல்றீங்களே, நீங்க முன்னாடி என்ன வண்டி ஓட்டுனீங்க?" என்று கேட்டான். ஒன்றும் ஓட்டவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இவர் மேலே பார்த்துக்கொண்டு, "என்ன வண்டி ஓட்டலைன்னு கேளு" என்றார். அது பொய்யில்லை. கேட்டிருந்தால் எல்லா வண்டியையும் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை.

அங்கே ஆரம்பித்தது. அவர் பேச்சில் ஒரு மலைப்பாதை வந்தது. சரக்கு ஏற்றிய லாரி வந்தது. எதிரே மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. திருப்ப இடமில்லை. ஏழு வளைவுகளையும் பின்பக்கமாகவே இறங்கி வந்தாராம், ஒரு கல்லைக்கூடத் தொடாமல். ஏழு நாளடைவில் ஒன்பதாயிற்று. ஒன்பது பதினொன்றாயிற்று. இந்தக் கதை நடக்கிற வருடத்தில் பதினான்கில் நின்றது, பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது.

அவர் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள். வீட்டின் முன்னறை முழுக்க அவளுடைய கனத்த மின்தையல் மெஷின்தான். கிழிந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு டிரைவர்கள் நேரே அவளிடம்தான் வருவார்கள். தைத்து முடிகிற வரை கம்க்ளோஸ் அவர்களுக்கு மலைக்கதை சொல்லுவார். அவள் தலையைக் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். வந்தவன் போன பிறகுதான் கேட்பாள்.

"பதினாலா? போன மாசம் பதிமூணுதான இருந்துச்சு?"

"ரோடு போட்டிருப்பாங்க" என்பார் இவர்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் முதலாளியம்மா ஒரு நல்ல காரியம் செய்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் ஐந்தாம் மேடைக்கு வரச்சொன்னார். அவர் பழைய முதலாளியின் மகள். பெரிய படிப்புப் படித்தவர். ஆனால் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கம்க்ளோஸ் லாரியை அழைப்பதைப் பார்த்துப் பார்த்து, தன் பொம்மை வண்டியையும் அப்படியே அழைத்து விளையாடியவர்.

"நம்ம அண்ணன் இந்தக் கிடங்குக்கு வந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆகப்போகுது" என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு திட்டுகூட பெயர்ந்ததில்ல. இன்னும் நடந்துதான் வேலைக்கு வர்றாரு. எனக்கே அது வெக்கமா இருக்கு. அதனால நம்ம சின்ன வேனைப் புதுசா பெயின்ட் அடிச்சு அவருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்."

கைதட்டல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. கம்க்ளோஸ் சிரித்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது.

"ஒரே ஒரு ஆசை" என்றார் முதலாளியம்மா. "ரெண்டு மாசம் கழிச்சு, முப்பத்தஞ்சு முடியிற அன்னிக்கு, அண்ணன் தன் கையால ஓட்டிக்கிட்டு அந்தக் கேட்டைத் தாண்டிப் போகணும். நாங்க எல்லாரும் நின்னு பாக்கணும்."

டிரைவர்களிலேயே வாய் நீளமான ஒருவன் இருந்தான். உடம்பு உருண்டையாக இருந்ததால் பீப்பாய் என்று பெயர். அவன் குதித்து முன்னால் வந்தான். "அண்ணே, அன்னிக்கு நான்தான் பின்னாடி நிப்பேன்! நான்தான் கம் க்ளோஸ் சொல்லுவேன்! எத்தனை வருஷம் என்னைத் திட்டியிருப்பீங்க, குருடா, கோணக்கையான்னு! ஒருநாளாவது நான் உங்களைத் திட்டணும்ணே!"

எல்லாரும் சிரித்தார்கள். கம்க்ளோஸும் சிரித்து, "முடிஞ்சா திட்டிப் பாருடா" என்றார். அவர் கால் மட்டும் மேடையின் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியின் முன்னால் போய் நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயசைப்பைப் பார்த்துவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"என்னங்க, எந்த லாரியையாவது இடிக்க விட்டுட்டீங்களா?"

"வேன் குடுக்கிறாங்களாம்."

"நல்லதுதான?"

"நான் ஓட்டிக்கிட்டு வெளிய வரணுமாம். எல்லாரும் நின்னு பாப்பாங்களாம்."

அவள் ஊசியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அப்புறம் தார்ப்பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சிரிக்காத. என் மானம் போகப்போகுது" என்றார்.

"பதினாலு வளைவு ரிவர்ஸ்ல இறங்கினவருக்கு இது எம்மாத்திரம்?" என்று சொல்லி இன்னொரு தடவை சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

"செத்தாலும் மாட்டேன். அந்தப் பீப்பாய் முன்னாடியா? அவனைக் குருடான்னு நான் நூறு தடவை சொல்லியிருக்கேன். ஓட்டவே தெரியாத நீயா என்னைச் சொன்னேன்னு கேப்பான். அப்புறம் நான் கம் க்ளோஸ்னு சொன்னா எந்த லாரி வரும்?"

அதுதான் அவர் பயம். வேன் பெரிதில்லை. நாளைக்கு அவர் குரலுக்கு லாரி வர வேண்டும். டிரைவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் காதை நம்பி வருகிறார்கள் என்றால், அந்தக் காது அவரை நம்புகிறது. அது போய்விட்டால் அவரிடம் மிஞ்சுவது மூன்றாம் வகுப்புதான்.

"அப்ப கத்துக்கிடுங்க" என்றாள் அவள். "ரெண்டு மாசம் இருக்குல்ல. என் தம்பிகிட்ட கார் இருக்கு."

மச்சானின் கார் பழையது. ஆனால் மச்சான் அதைப் பெற்ற பிள்ளையாக வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், நகரத்துக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு மூவரும் போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மச்சான் உட்கார மறுத்துவிட்டான்.

"நான் வெளிய நின்னே சொல்றேன் மாமா. உள்ள இருந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும்."

"நான் எத்தனை ஆயிரம் லாரியைக் கட்டி மேய்ச்சிருக்கேன், உன் டப்பாவுக்கு நெஞ்சு அடைக்குதா?" என்று கம்க்ளோஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

முன்னால் ஓட்டியது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கார் விக்கல் எடுத்தது. நின்றது. மறுபடி விக்கல் எடுத்தது. "கிளட்ச், மாமா, கிளட்ச்" என்று மச்சான் கூடவே ஓடி ஓடி மூச்சு வாங்கினான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கம்க்ளோஸ், "இது எனக்குச் சரிப்படாது. பின்னாடி எடுக்கச் சொல்லிக் குடு. அதுல நான் ராஜா" என்றார்.

மச்சான் தூரத்தில் ஒரு காலித் தகரப் பீப்பாயைக் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தான். அதுதான் மேடை. கார் ரிவர்ஸில் மெதுவாக ஊர ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம், அதுவே போகும் என்று மச்சான் சொல்லியிருந்தான். கம்க்ளோஸ் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் பீப்பாய் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்சீட்டுதான் தெரிந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பின்னால் நின்று பார்த்த மனிதர். உள்ளே உட்கார்ந்தால் உலகமே மூடிவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு இடம் இருக்கிறது? ஒரு முழமா, ஒரு சாணா? அவரால் தாங்க முடியவில்லை.

கதவைத் திறந்தார். இறங்கினார். பார்த்துவிட்டு வருவதற்காகப் பின்னால் நடந்தார்.

கார் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது, டிரைவர் இல்லாமல்.

மச்சான் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து, "மாமா! மாமா!" என்று அலறினான். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். கம்க்ளோஸ் ஓடவில்லை. பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஒரு வண்டி தன்னை நோக்கி வந்தால் அவர் கை தானாக நெஞ்சுக்கு வரும். வந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்றார்.

"கம்ம்ம்... க்ளோஸ்" என்றார். "கம் க்ளோஸ், கம் க்ளோஸ். கம், கம், கம்."

கார் வந்தது.

"க்ளோஸ்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் பளாரென்று காரின் முதுகில் ஓர் அறை விட்டார்.

அந்த அறைக்கும் கார் நிற்பதற்கும் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. கர்ரென்று ஒரு சத்தம், ஒரு குலுக்கல், எஞ்சின் அடங்கிவிட்டது. அவர் குனிந்து சந்தில் விரல்களைச் செருகினார். நாலு விரல். இறுக்கம். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா மச்சான்! நாலு விரல்!"

மச்சான் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "மாமா... உள்ள யாரு மாமா ஓட்டினது?"

அப்போதுதான் கம்க்ளோஸுக்கும் உறைத்தது. ஓடிப்போய் உள்ளே பார்த்தார். மனைவி முன்சீட்டில் இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"நீங்க அறைஞ்சீங்க, நான் இழுத்தேன்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும் எப்ப இழுக்கணும்னு?"

"நல்லா இருக்கு கேள்வி. முப்பது வருஷமா கேக்குறேனே. பீரோவை நகர்த்தினாலும் கம்க்ளோஸ், கட்டிலை நகர்த்தினாலும் கம்க்ளோஸ். தூக்கத்துல கூட ரெண்டு லாரி வந்து நிக்குது. ஒத்தையா க்ளோஸ்னு சொன்னா ஒரு சாண், அப்புறம் அறை. இதைக்கூடத் தெரிஞ்சிக்காம உங்களோட எப்படிக் குடித்தனம் பண்றது?" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். காரைச் சுற்றி வந்தாள். ஸ்டீயரிங் பக்கத்துக் கதவுக்கு முன்னால் நின்றாள். "நகருங்க."

"எதுக்கு?"

"நகருங்கன்னு சொன்னேன்."

மச்சான் அவளுக்குக் கிளட்சைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது, "இது மெஷின் பெடல் மாதிரிதானடா, அமுக்கிப் பழகின கால்தான்" என்று வாயை அடைத்துவிட்டாள். நாளெல்லாம் கனத்த தார்ப்பாயில் கோணாமல் தையல் ஓட்டும் கால் அது. மயிரிழை அமுக்கம் தெரிந்த கால். அன்று சாயங்காலத்துக்குள் நாலு தடவை பின்னால் வந்து பீப்பாய்க்கு முன்னால் நின்றாள். நாலு தடவையும் நாலு விரல். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. அவர் குரலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பிப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கம்க்ளோஸ் வலது கையின் நாலு விரல்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம், "என்னா மாதிரி சொல்லிக் குடுத்திருக்கேன், பாத்தியா மச்சான்" என்றார்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவள்தான் ஓட்டினாள். முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடித்தது. எதிரே மனிதர்கள் வந்தால், "இவங்க யாரும் கம்க்ளோஸ் சொல்ல மாட்டேங்கிறாங்களே" என்று திணறினாள். இருந்தாலும் ஏழாவது வாரம் லைசென்ஸ் பரீட்சைக்குப் போனாள். பரீட்சை மைதானத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. அவள் ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்ததும் மதிலுக்கு அப்பாலிருந்து, "கம்ம்ம்... க்ளோஸ்" என்று ஒரு குரல் கேட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரர் சார். அவரால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது."

அதிகாரி ஆளை அனுப்பி அந்தத் தலையைத் தெருக்கோடிக்குத் துரத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தாள். குரல் வரவில்லை. ஆனால் காதுக்குள் அது அளவு மாறாமல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. கோட்டைத் தொடாமல் நின்றாள். லைசென்ஸ் வந்தது.

இனி எல்லாம் சுலபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. மனைவிக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது சரி, தனக்குத் தெரியாது என்பதை எப்படி மறைப்பது? மூன்று நாள் யோசித்து ஒரு திட்டம் கண்டுபிடித்தார். முழங்காலில் ஒரு பெரிய கட்டு. விழுந்துவிட்டேன், கால் மடங்கவில்லை, அதனால் வீட்டுக்காரி ஓட்டுகிறாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தப் பொய்யைத் தூக்கிக்கிட்டுத் திரிவீங்க?" என்றாள் அவள், கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே.

"இன்னிக்கு ஒரு நாள்தான். நீ கொஞ்சம் இறுக்கிக் கட்டு."

அந்த நாளும் வந்தது. ஒன்பதாம் மேடைக்குப் பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்த வேன் நின்றது. பின்கதவில் பெரிய ரிப்பன் கட்டியிருந்தார்கள். ரிப்பன் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று முகப்பைச் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் நெருக்கியடித்து நின்றன. வெளியே வர வேண்டுமென்றால் அந்தச் சந்து வழியாகக் கேட்டு வரைக்கும் பின்பக்கமாகவே வர வேண்டும். மேடையெல்லாம் ஆட்கள். மச்சான்கூட நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

முதலாளியம்மா சாவியைக் கொடுத்தார். கட்டைப் பார்த்தார். "அய்யோ, என்ன அண்ணே இது?"

"வாசப்படியில வழுக்கிட்டேம்மா. டாக்டர் மடக்கக் கூடாதுன்னுட்டாரு. அதனால வீட்டுல அவ ஓட்டட்டும்."

கூட்டத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு. பீப்பாய் முன்னால் வந்தான். "அக்காவா? அக்கா, இது தார்ப்பாய் மெஷின் இல்லக்கா. ரிவர்ஸ் வேற, சந்து வேற. சாவியைக் குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"எனக்கு ஓட்டத் தெரியும்" என்றாள் அவள்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"இவருதான்."

"அப்படியா!" பீப்பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். "அப்ப நீங்க மட்டும்தான் பாத்திருக்கீங்க. நாங்க யாரும் அண்ணன் ஓட்டிப் பாத்ததே இல்ல. சொல்லுங்கக்கா, அண்ணன் எப்படி ஓட்டுவாரு? அந்தப் பதினாலு வளைவு இறங்கின கை, ஸ்டீயரிங்ல எப்படி இருக்கும்?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். முதலாளியம்மாகூட ஆவலாகப் பார்த்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முன்னறையில் மலைக்கதை ஓடும்போது ஊசியைப் பார்த்துக் குனிவாளே, அதே குனிவு. இங்கே பார்க்க ஊசி இல்லை. அவள் உதடு பிரிவதைக் கம்க்ளோஸ் பார்த்தார். அவருக்காக ஒரு பொய் அங்கே வந்துகொண்டிருந்தது. அவர் ஆயிரம் அளந்திருக்கிறார். அவள் இதுவரை ஒன்றுகூடச் சொன்னதில்லை. கூடவே இருந்து குனிந்துகொண்டாளே தவிர, வாய் திறந்ததில்லை. அந்தப் பொய் இன்னும் ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது.

சாவி இருந்த கையால் வேனின் உடம்பில் பளாரென்று ஓர் அறை விட்டார். அவள் வாய் அப்படியே நின்றது.

"நான் ஓட்டி அவளும் பாத்ததில்ல. எவனும் பாத்ததில்ல" என்றார். குனிந்து கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். "எனக்கு ஓட்டத் தெரியாது."

துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து விழுந்தது. அவள் இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரம் பிடித்தது.

"என்னது?" என்றான் பீப்பாய்.

"காது கேக்கலையா? ஓட்டத் தெரியாது. எந்த வண்டியும் தெரியாது. மலையும் கிடையாது, பனியும் கிடையாது."

"அப்ப இத்தனை வருஷமா எங்களைக் குருடா குருடான்னு..."

"ஆமாடா, சொன்னேன். பின்னாடி பாக்க முடியாதவனைக் குருடன்னு சொல்லாம வேற என்ன சொல்றது? நான் உள்ள உக்காந்தாலும் குருடன்தான், அதையும் ஒரு ஞாயித்துக்கிழமை பாத்தாச்சு. என் வேலை உள்ள இல்ல. வெளிய." நிமிர்ந்தார். கட்டுத்துணி கையில் தொங்கியது. குரல் ஏறிவிட்டது. "இன்னொண்ணையும் கேட்டுக்க. ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டச் சொல்லிக் குடுக்கிறதுல என்னடா பெருமை இருக்கு? ஊர்ல எல்லாவனும் செய்றான். ஓட்டவே தெரியாம ஒருத்திக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்து லைசென்ஸ் வாங்க வெச்சவன், இந்த உலகத்துல வேற எவனாவது இருந்தா கொண்டுவா. அவன் கால்ல விழறேன்!"

முதலில் முதலாளியம்மாதான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் முடியாமல் கையை எடுத்துவிட்டார். மேடை மேடையாகச் சிரிப்பு பரவிற்று. பீப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்துவிட்டான். "ஒத்துக்கிறேண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா அக்கா இந்தச் சந்துல கொண்டுவந்து காட்டட்டும். அப்புறம்தான் நம்புவேன்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு ஓரமா நில்லு. இன்னிக்குக் கம்க்ளோஸ் சொல்றது நீ இல்ல."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கம்க்ளோஸ் சந்தின் முழு நீளத்தையும் நடந்து போய், கேட்டுத் தூணுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றார். கைகள் நெஞ்சுக்கு வந்தன.

"கம்ம்ம்... க்ளோஸ்."

நீல வேன் அசைந்தது. முதல் லாரியைத் தாண்டிற்று. இரண்டாவது லாரியின் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் குரல் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, வேனும் கொஞ்சம் சாய்ந்தது. மூன்று, நாலு, ஐந்து. மேடையில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"கம் க்ளோஸ், கம் க்ளோஸ். கம், கம், கம்."

ரிப்பன் கட்டிய பின்கதவு அவர் வயிற்றை நோக்கி வந்தது. பின்னால் தூண். நகர இடமில்லை. அவர் நகரவும் இல்லை.

"க்ளோஸ்" என்றார், ரகசியமாக. அறைந்தார்.

நின்றது. அவர் கீழே பார்த்தார். ரிப்பனுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் நடுவில் விரல்களைச் செருகினார். பீப்பாய் ஓடிவந்து குனிந்து பார்த்தான். "நாலுதான்" என்றான், தோற்றவன் குரலில். அப்புறம் அவனே முதலில் கைதட்டினான்.

அவள் வேனைக் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஒடித்து, வெளித்தெருவைப் பார்க்கத் திருப்பினாள். கம்க்ளோஸ் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். பீப்பாய் ஜன்னலில் வந்து தொற்றிக்கொண்டான்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. அந்த மலையாவது இருக்கா, அதுவும் இல்லையா?"

கம்க்ளோஸ் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"மலை இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை இதுல போறோம். எத்தனை வளைவுன்னு நானே எண்ணிட்டு வந்து சொல்றேன்."

வேன் ஒரே ஒரு விக்கல் எடுத்துவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போயிற்று. கை காட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு உள்ளே இருவரும் தெரிந்தார்கள். அவள் கண் சாலையில் இருந்தது. அவர் சீட்டில் உடம்பை முழுக்கத் திருப்பி உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக வந்த வழியையே பார்த்துக்கொண்டு போனார். முன்னால் இருப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.